மலையேறிய உரக்கடைக்காரர்

மழை தலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து, இன்றைக்கு மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் மாதவராஜ். தொப்பி விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் போன் கண்ணாடியில் விழுகிறது. அதைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறார்.

"நாப்பது பர்சன்ட்டுதான் காட்டுதுங்க ஆயா. நடக்கலாம்."

"மிச்சம் அறுபதுதான் உங்க தோள்ல ஊத்துதா தம்பி? அத எங்க காட்டுது?"

அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் என்னிடம் காட்டமாட்டார். கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து நீட்டி ஒரு ஊது ஊதுவார். எங்கள் தெருவுக்கு அதுதான் புறப்பாட்டு மணி. நாலைந்து ஜன்னல்கள் திறக்கும். திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். கூட்டம் சேர்ந்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு, மாதவராஜ் தனியாக நடக்கத் தொடங்குவார்.

என்னை ஆயா என்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே பதினைந்து வயசு இருந்தால் அதிகம். அவர் பெண்டாட்டி ராணியம்மாளோ என்னை அக்கா என்கிறாள். பெண்டாட்டிக்கு அக்கா, புருஷனுக்கு ஆயா. இப்படி ஒரு முறை எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. அவரிடமே கேட்டேன். "ரெஸ்பெக்ட்டுங்க ஆயா" என்றார். மரியாதை கொடுத்தே மனுஷியைக் கிழவியாக்கும் வித்தை அவருக்குத் தெரியும்.

அவர் உடுப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழேகூடப் பைகள். ஒன்றில் திசைகாட்டி, ஒன்றில் மடக்குக் கத்தி, ஒன்றில் கயிறு, ஒன்றில் உலர்ந்த திராட்சை. முதுகில் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு குழாய் தோளைத் தாண்டி வந்து வாயருகே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குத்தான் இப்படிக் குழாய் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடக்கிறவருக்கு வைத்ததை இங்கேதான் பார்த்தேன். இரண்டு கையிலும் இரண்டு ஊன்றுகோல். எனக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை. அதைச் சொன்னால், "இது முட்டிக்கு லோடு கொறைக்கும்ங்க ஆயா" என்று எனக்கும் ஒன்று நீட்டுகிறார். நான் வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

நாங்கள் குடியிருப்பது பொம்மிடிக்கு மேலே, மலைச் சரிவில். மதில் கட்டி, கேட் போட்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேனும் போட்டு, 'கிளவுட் நெஸ்ட்' என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். மேகத்தின் கூடு என்று அர்த்தமாம். கூட்டில் இருப்பவர்கள் பாதிப்பேர் சனி ஞாயிறு மட்டும் வந்து முட்டையிட்டுப் போகிறவர்கள். என் மகள் ராதிகாவும் மருமகனும் ஓசூரிலிருந்து அப்படித்தான் வருகிறார்கள். மிச்ச நாளில் வீடு பாசி பிடிக்காமல் இருக்க ஆள் வேண்டுமே. என்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே உள்ள வசதிகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மலைமேல் ஏறி வந்தது போதாது என்று, ஒரு செங்கல் சுவர் எழுப்பி, அதில் கலர் கலராகக் கட்டிகளைப் பதித்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். உச்சியில் போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்டேன். மலை தெரிகிறதாம். அடுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் தொங்கிக்கொண்டு கத்தியபடியே அந்தப் பக்கம் போகிறார்கள். போய்விட்டு நடந்து திரும்பி வருகிறார்கள். அந்தப் பக்கம் அப்படி என்ன அவசர வேலை என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு அதன் முன்னால் உள்ள புல்தரையில் கூடாரம் அடித்துப் படுப்பதும் உண்டு. குளிர்காய ஒரு குழி இருக்கிறது. அதில் விறகு போடக்கூடாது. மலை முழுக்கக் காய்ந்த சுள்ளி கிடக்க, பொம்மிடியிலிருந்து சிலிண்டர் ஏற்றி வந்து அந்தக் குழியில் எரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் தலைவர் நம் மாதவராஜ்தான். அவுட்டோர் கமிட்டி. டிரெக் கேப்டன் என்று சட்டையிலேயே குத்தியிருக்கிறார்.

இந்தக் கேப்டன் முந்தி எப்படி இருந்தார் என்பதைக் கீழே மொரப்பூரில் கேட்டால் தெரியும். ஸ்டேஷன் போகும் ரோட்டில் உரக்கடை. கடை கீழே, வீடு மேலே. முப்பது வருஷம் அந்தக் கல்லாவை விட்டு இறங்காதவர். டீ வேண்டுமென்றால் டீ கடைக்கு வரும். முடி வெட்ட வேண்டுமென்றால் ஆள் கடைக்கு வரும். மேல்மாடிக்குச் சாப்பிடப் போவதே அவருக்கு மலையேற்றம் என்று ராணியம்மாள் சொல்வாள். சுத்துப்பட்டில் எந்த வயலில் எந்தப் புழு செத்திருந்தாலும் அவர் கையால் போன மருந்துதான் காரணம். அந்த மனிதர் இன்றைக்கு எங்கள் கேட்டில் கீரைக்கட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, "கெமிக்கல் அடிக்கலீங்களே?" என்று கேட்கிறார். கேட்கும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுவதில்லை.

பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் எங்கள் வாசல் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கடந்து போனவர் நின்றார். "பத்து லிட்டர் டேங்குக்கு முப்பது மில்லி..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. நான் அவரையே பார்த்தேன். இருமினார். "வேப்பெண்ணெங்க ஆயா. முப்பது மில்லி வேப்பெண்ணெ" என்று முடித்துவிட்டு விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லவேண்டும். அந்த இருமல் சும்மா வந்த இருமல் இல்லை. முப்பது வருஷம் மருந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த நெஞ்சு. ஒரு மழைக்காலத்தில் மூச்சு இழுத்துச் சேலத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நல்ல காற்றுக்குப் போ என்று டாக்டர் சொல்ல, இங்கே வந்தார். வந்தபோது எங்கள் வீட்டிலிருந்து கேட்டு வரைக்கும் நடக்க மூன்று இடத்தில் நிற்பார். இப்போது மேட்டில் பேசிக்கொண்டே ஏறுகிறார். அதனால்தான் இந்த மலையைத் தானே பெற்றது போலக் கொண்டாடுகிறார். "நேச்சரோட கனெக்ட் ஆவணுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஏதோ கரண்டு கம்பத்தில் கொக்கி போடுவது போல.

கனெக்ட் ஆகாமல் போனது ராணியம்மாள்தான்.

அந்தக் கடையில் கல்லா அவருடையது, வாய் அவளுடையது. விதை முளைக்கவில்லை என்று அரூர் ஆள் ஒருவன் கத்திக்கொண்டு வந்தால், "தண்ணி கட்டுனியா, இல்ல தவளைக்கி தாலி கட்டுனியா?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவாளாம். சண்டைக்கு வந்தவன் மோர் குடித்துவிட்டுப் போவான். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் அவளுக்குப் பேச ஆள் வரிசையில் நிற்கும். இங்கே? கேட்டில் ஒருத்தர் வந்து நின்றாலும் வாட்ச்மேன் போன் பண்ணிக் கேட்டுத்தான் விடுகிறான். எதிரில் வருகிறவர்கள் எல்லாருக்கும் காதில் ஏதோ செருகியிருக்கிறது. சிரிக்கிறார்கள், போகிறார்கள்.

"சண்ட போடக்கூட ஆளில்லீங்க அக்கா" என்பாள். "குப்ப வண்டிக்காரன் லேட்டா வந்தான்னு நேத்து வேணும்னே வம்பு இழுத்தேன். சாரி மேடம்ங்கறான். சாரின்னுட்டா அப்புறம் என்னாத்த பேசறது?"

"என்கூடப் போடேன்."

"உங்ககூட போட்டா நீங்க உட்டே குடுக்க மாட்டீங்களே."

அது வாஸ்தவம்தான்.

போன சித்திரையில் மாதவராஜ் ஒரு முடிவு எடுத்தார். மொரப்பூர்க் கடையையும் மேல்வீட்டையும் அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறவருக்கே கொடுத்துவிடுவது. பணத்துக்குத் தட்டுப்பாடு ஒன்றும் இல்லை. இனி நான் கீழே இறங்கமாட்டேன் என்று ஊருக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான். ஆடியில் பத்திரம் போடக்கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று பேச்சு. ராணியம்மாளிடம் கேட்டாரா? சொன்னார். அவர் அகராதியில் இரண்டும் ஒன்று. அவள் ஒன்றும் பேசவில்லை. அரூர் ஆளையே உட்கார வைத்தவள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியவேண்டாமா? அவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மஞ்சள் துணி வந்தது.

மதிலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதன் வழியாகப் போனால் காட்டோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. மலைச்சனங்கள் காலங்காலமாக நடக்கிற பாதை. அதற்கு மாதவராஜ் 'நேச்சர் டிரெயில்' என்று பெயர் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் போன கம்ப்யூட்டர்க்காரப் புருஷன் பெண்டாட்டி வழி தப்பி, யாரோ ஒருவருடைய பலாத்தோப்பில் போய் நின்று, பலாப்பழ வண்டியில் ஏறித் திரும்பி வந்தார்கள். பழம் நன்றாக இருந்ததாம். ஆனாலும் கமிட்டி கூடியது. மரத்துக்கு மரம் அடையாளம் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. பளபளவென்று பிளாஸ்டிக் நாடா கட்டலாம் என்றார் ஒருவர். மலையில் பிளாஸ்டிக் கூடாது என்று விதி போட்டவரே மாதவராஜ். எழுந்து நின்று, "பருத்தித் துணிங்க. இயற்கைச் சாயம்ங்க. அடையாளத்த எங்கிட்ட உடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய கரைவேட்டி இரண்டை எடுத்து விரல் அகலத்தில் நீள நீளமாகக் கிழித்தார். ராணியம்மாளைக் கூப்பிட்டார். நான் அங்கேதான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் மஞ்ச கரைச்சுக் குடு."

"எந்தக் கோயிலுக்குங்க?"

"கோயிலுக்கு இல்ல. டிரெயில் மார்க்கர்."

"மஞ்சத் துணிய மரத்துல கட்டப் போறீங்களா?"

"ஆமா."

"ஆடி மாசத்துலயா?"

"ஏன், ஆடியில மஞ்ச சாயம் ஏறாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன். கரைத்துக் கொடுத்தாள். துணியைத் தோய்த்துக் காயவைத்து, பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மரம் பார்த்து, இடுப்பு உயரத்தில் அழகாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். இந்தத் தர்மபுரி மண்ணில் பிறந்து, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்த ஒரு மனிதர், ஆடி மாசத்தில், மஞ்சள் தோய்த்த வேட்டித் துணியை வரிசையாக மரத்துக்கு மரம் கட்டிவிட்டு, அது வழிகாட்டி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். காட்டுக்குப் போகும் உடுப்பு மாட்டினால் ஊர் ஞாபகம் கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமையே செல்லி பார்த்துவிட்டாள். செல்லி மேல் மலையிலிருந்து வந்து எங்கள் தெருவைக் கூட்டுகிறவள். தினமும் அந்தப் பாதையில்தான் வருவாள். பார்த்தவள் சும்மா வருவாளா? முதல் மரத்துக்குக் குங்குமம் வைத்தாள். அடுத்த நாள் இரண்டாவது மரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம். அதற்கடுத்த செவ்வாயில் மூன்றாவது மரத்தில் யாரோ குழந்தை வரம் கேட்டுத் துணித்தொட்டில் கட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டது. வளையல் தொங்கியது. வேப்பிலை செருகினார்கள். மஞ்சள் துணி ஒன்றுக்குப் பத்தாயிற்று. மேல் மலைச்சனம் மட்டும்தான் கட்டியது என்று எங்கள் கமிட்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். பலாத்தோப்புக்குப் போன கம்ப்யூட்டர்க்காரி சோபனா, காதில் செருகியதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு முடிச்சுப் போட்டதை நான் பாறைமேல் உட்கார்ந்து பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போக ஏதோ ஒன்று கிடைக்கவேண்டுமாம். வாட்ச்மேன் அருள்குமார் கட்டினான். தங்கச்சிக்கு வரன் அமையவேண்டும்.

ஒரு காலையில் ராணியம்மாளும் என்னோடு வந்தாள். பாதையின் கடைசித் திருப்பத்தில் ஒரு வேங்கை மரம் நிற்கிறது. அங்கிருந்து கீழே பொம்மிடி தெரியும், ரயில் போவது தெரியும். முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிப்பை எடுத்தாள். கனமாக இருந்தது.

"காசா?"

"கட ஷட்டர் சாவிங்க அக்கா."

"அட பாவி."

"அத இரும்புக்கடைக்காரர் கைல குடுக்கணுமாம். ஆவணி பொறக்கறதுக்கு முன்னாடி உள்ள பாக்க வராராம். எங்க வெச்சன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. தேடறேன்னு சொல்லியிருக்கறேன்." மரத்தைச் சுற்றிக் கட்டினாள். "கட எங்கைய உட்டுப் போவக்கூடாது. நான் கீழ போவணும். அவ்ளோதாங்க."

"எந்தச் சாமிக்கு வேண்டற?"

"அவரு கூட்டிகிட்டு வந்த சாமிதான? அதாவது எம்பேச்சக் கேக்கட்டும். அக்கா, நீங்க இதப் பாக்கலீங்க."

"நான் ரயிலப் பாத்துட்டு இருக்கறேன்" என்றேன். சொன்னால் சொன்னதுதான். என் மகளிடம்கூட வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே கமிட்டிக்கு மறுபடியும் வேலை வந்தது. மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டே போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எது மார்க்கர் எது வேண்டுதல் என்று தெரியாமல் ஏறிப்போய் செல்லி வீட்டு வாசலில் நின்றது. அவள் களி கிண்டிப் போட்டு அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டு வந்து புகார் கொடுத்தார்கள். மாதவராஜ் தெருவிலேயே செல்லியை நிறுத்திக் கேட்டார்.

"சாமியே இல்லாத எடத்துல எதுக்கும்மா வேண்டுதல் கட்டறீங்க?"

"மொத துணி யாருதுங்க?"

"அது மார்க்கர்."

"மஞ்ச தோச்சி, முடிச்சி போட்டு, ஆடி வெள்ளிக்கு மொத நாளு கட்டியிருக்கறீங்க. சாமி இல்லாமதான் கட்டுனீங்களா?" என்றாள் செல்லி. கிண்டலாகக் கேட்டதாகவும் தெரியவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அது புரியவில்லை.

மாதவராஜ் போனைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கூட்டம் நடக்க வருவதாக இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிடித்தால் இங்கே வீடு வாங்குவார்கள். அதற்குள் வேண்டுதலை எல்லாம் அவிழ்த்துவிட்டு மார்க்கரை மட்டும் விடவேண்டும் என்று தீர்மானம். செய்ய யாரும் முன்வரவில்லை. வேண்டுதலை வெட்டினால் வெட்டியவன் தலையில் வரும் என்ற பயம் கம்ப்யூட்டருக்கும் உண்டு. "நான் கட்டுனது, நானே எடுக்கறேன்" என்று மாதவராஜ் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கத்தரிக்கோலும் ஒரு காலி உரச்சாக்குமாக அவர் புறப்பட்டபோது நானும் கூடவே நடந்தேன். மரம் மரமாகப் போய்ச் சேர்ந்தால் வேங்கை மரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும்.

"நீங்க எதுக்குங்க ஆயா? வழுக்கும்."

"நாப்பது பர்சன்ட்டுதான வழுக்கும். வரேன்."

அவர் துணியில் பச்சைக் கரை இருக்கும், மற்றதில் இருக்காது. கரை பார்த்துப் பார்த்து மற்றதை வெட்டிச் சாக்கில் போட்டார். கீழே போடவில்லை. வெட்டும் முன் ஒவ்வொன்றையும் தொட்டு, யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்தது.

"இது அருள்குமாருது தம்பி. தங்கச்சி கல்யாணம்."

"ஆயா, படிக்காதீங்க."

"நான் எங்க படிச்சேன்? இது மேல்மலப் பொண்ணு. ஏழு வருசமா கொழந்த இல்ல."

தொட்டிலில் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டார். பிறகு வெட்டினார். சாக்கில் போடாமல் மடித்து மேலே வைத்தார். அடுத்த மரத்துக்கு நடக்கையில் விசில் ஊதவில்லை.

கடைசியில் வேங்கை மரம். பாதை அங்கேதான் இடது பக்கம் மடங்குகிறது. அந்த ஒரு அடையாளம் இல்லாவிட்டால் வருகிறவர்கள் நேராகப் போய் மறுபடியும் செல்லி வீட்டுக் களியில்தான் விழவேண்டும். அதை அவரே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் அவருடைய கரைத்துணி ஒன்று, அதற்கு ஒரு சாண் மேலே ராணியம்மாளின் முடிப்பு. சுற்றிலும் இன்னும் மூன்று நான்கு. அவற்றை வெட்டினார். முடிப்பைப் பிடித்துக் கத்தரிக்கோலைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இது எங்க கட முடிச்சுங்க ஆயா."

நான் கீழே ரயில் வருகிறதா என்று பார்த்தேன்.

"வெதப் பையி கட்டற முடிச்சு. ஒத்தக் கையில இழுத்தா இறுகும், மறு கையில இழுத்தா அவுரும். எனக்கே வராது. அவளுக்குத்தான் வரும்." துணிக்கு மேலேயே விரலால் தடவினார். சாவியின் பல்லில் விரல் போய் நின்றது. எத்தனை காலைகளில் ஷட்டருக்கு முன்னால் குனிந்து பிடித்த பல். "பத்து நாளா அலமாரி, பீரோ, பரணு எல்லாம் தேடறா. நானும் சேந்து தேடறேன்."

"தேடுனா கெடைக்கும்னு சொல்வாங்க."

"என்னான்னு வேண்டிகிட்டா?"

"எங்கிட்ட வேண்டலியே தம்பி. நான் என்ன மரமா?"

"ஆயா."

"வூட்ல ஆள் இருக்கறா. போய்க் கேளுங்க. முப்பது வருசத்துல ஒருக்கா கேட்டா வாயி தேஞ்சிடாது."

கீழே பார்த்தார். மேகம் விலகி, பொம்மிடித் தண்டவாளம் ஈரத்தில் பளபளத்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். இருமல் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"இங்கதாங்க ஆயா எனக்கு மூச்சு வருது."

"வருது. நானே பாத்தேன். அவளுக்குப் பேச்சு வரலியே."

"கீழ போனா எனக்கு மறுபடியும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை இரும்புக்கடைக்காரர் ஷட்டர் முன்னால் வந்து நிற்பார். சாவி கையிலேயே இருக்கிறது. மறு கையால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிப்பு அவிழ்ந்துவிடும். அவர் எந்தக் கையை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நான் பாறையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது, அவரிடம் சொல்லவில்லை.

கத்தரிக்கோல் மூடிய சத்தம் கேட்டது.

ராணியம்மாளின் முடிப்பு சாவியோடு கட்டியபடியே இருந்தது; நாளைக்கு வருகிறவர்களுக்கு அந்த மரத்தில் இனி அதுதான் அடையாளம். மாதவராஜ் தன்னுடைய பச்சைக்கரைத் துணியை வெட்டி எடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.